இரண்டு பேர் இறக்கிய கூரை

சுக்குக் கிடங்கில் காளியம்மைக்குச் சாக்கு தைக்கும் வேலை. ஆண்கள் நிரப்பி நிறுத்திவைக்கும் மூட்டைகளின் வாயை மடித்துப் பிடித்து, கோணி ஊசியால் இழுத்து இழுத்துத் தைப்பாள். கொச்சி மட்டாஞ்சேரியிலேயே பிறந்து வளர்ந்தவள். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து முனிசிபாலிட்டி வேலைக்கு வந்து தங்கிவிட்ட குடும்பம். கணவன் பாலையா கோயம்புத்தூரில் மில் வேலை என்று போனவன், அங்கேயே வேறொருத்தியோடு குடும்பமாகிவிட்டான். பிள்ளைகள் இல்லை. கல்யாண வீடுகளில் தன்னை எந்த வரிசையில் உட்காரவைப்பது என்று தெரியாமல் உறவுக்காரர்கள் திணறுவதைப் பார்த்து, அவளே போவதை நிறுத்திக்கொண்டாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் முதலில் ரேடியோவைப் போடுவாள். மலையாளமோ தமிழோ, யாராவது பேசிக்கொண்டிருந்தால் சரி.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் ஐப்பசியில் கிடங்கு முற்றத்துக்கு ஒரு வண்டியைக் கயிறு கட்டி இழுத்துவந்து நிறுத்தினார்கள். வெளிறிப்போன ஆரஞ்சு நிறம், உள்ளேயே கட்டிலும் அடுப்பும். ஓட்டிவந்தவள் ஹாலந்துக்காரி, அறுபதை நெருங்கியவள், அன்னலீஸ் என்று பெயர். கியர்பாக்ஸ் உடைந்துவிட்டது. அதற்கான சாமான் அவள் நாட்டிலிருந்து வரவேண்டும். அதுவரை முற்றத்தில் நிறுத்திக்கொள்ள முதலாளி சம்மதித்திருந்தார். கூடவே பயணம் செய்த அக்கா கோவாவில் உடம்புக்கு முடியாமல் போய் விமானத்தில் ஊருக்குத் திரும்பிவிட்டாளாம். கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்த கணக்குப்பிள்ளை வெங்கிட்டு இதையெல்லாம் கேட்டு வந்து சொன்னான். அன்னலீஸ் என்பது யார் வாயிலும் நுழையவில்லை. இரண்டே நாளில் அன்னம்மா ஆகிவிட்டாள்.

அந்த வண்டியின் கூரை பின்பக்கமாக மேலே தூக்கிக்கொள்ளும். தூக்கிய கூரைக்கும் வண்டிக்கும் நடுவில் மூன்று பக்கமும் கித்தான் துணி. பகலில் காற்றுக்காகத் தூக்கிவைத்திருப்பாள். ஐப்பசி மழையோ சொல்லிக்கொண்டு வராது. மத்தியானம் வரைக்கும் வெயில் காயும், அப்புறம் கடல் பக்கம் இருட்டிக்கொண்டு இடி இடிக்கும்.

அப்படி ஒரு மத்தியானம் அன்னம்மா அவசரமாகக் கூரையை இழுத்தாள். பாதியில் நின்றது. அவள் பலமாக இழுக்க, துணி கிழிகிற சத்தம் முற்றம் முழுக்கக் கேட்டது.

காளியம்மை ஊசியும் கையுமாக ஓடினாள். "நில்லுங்க நில்லுங்க! துணி மாட்டிக்கிச்சு!"

பாஷை புரியாவிட்டாலும் குரல் புரிந்தது. அன்னம்மா கையை விட்டாள். காளியம்மை உள்ளே ஏறிப் பார்த்தாள். கூரையைத் தாங்கும் மடக்குக் கம்பியின் முட்டிக்குள் துணி சிக்கியிருந்தது. இருவரும் கூரையை மறுபடி தூக்கித் துணியை விடுவித்தார்கள். பிறகு அன்னம்மா மெல்ல மெல்லக் கீழே இழுக்க, காளியம்மை மூன்று பக்கமும் கையை ஓட்டித் துணியை உள்பக்கமாக மடித்துக்கொண்டே வந்தாள். கதவைச் சாத்தியிருந்ததால் அடைபட்ட காற்று துணியை வெளியே உப்பவைத்தது. காளியம்மை காலாலேயே கதவைத் தள்ளித் திறந்தாள். காற்று வெளியேறியதும் துணி அடங்கியது. கூரை பொருந்தி, கொக்கி மாட்டியதும் மழை கொட்டியது. அந்தச் சின்ன இடத்தில், முழங்கால்கள் இடிக்க, இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அன்னம்மா பால் இல்லாத காப்பி கொடுத்தாள். வாயில் வைக்க முடியாத கசப்பு. காளியம்மை முழுவதையும் குடித்தாள்.

மறுநாள் கிழிசலைத் தைத்துக்கொடுத்தாள். அதிலிருந்து வானம் கறுக்கும்போதெல்லாம் வண்டியிலிருந்து "காளீ!" என்று குரல் வரும். பாலையாவுக்குப் பிறகு அவளை அப்படிக் கூப்பிட்டவர் யாரும் இல்லை. மற்றவர்களுக்கு அவள் அக்கா, இல்லாவிட்டால் சேச்சி. மூட்டையைப் பாதியில் விட்டுவிட்டுப் போவாள். ஒருத்தி இழுப்பாள், ஒருத்தி மடிப்பாள். மழை விடும் வரை அவள் தமிழில் பேச, அன்னம்மா தன் பாஷையில் பேசுவாள். பாலையா போன கதையை முதல் முதலாக ஒருவரிடம் முழுக்கச் சொன்னது அங்கேதான். மழை நின்றதும் கூரையை மறுபடி தூக்கித் துணியைக் காயவைப்பார்கள். ஈரத்தோடு மூடினால் பூசணம் பிடித்துவிடும். வீட்டில் ரேடியோ போடக்கூட மறந்துபோன சாயங்காலங்கள் அவை.

கார்த்திகை பிறந்ததும் சாமான் வந்தது. களமசேரியிலிருந்து மெக்கானிக் வந்து இரண்டு நாள் வண்டிக்கு அடியிலேயே படுத்துக் கிடந்தான்.

"வண்டி செரியாயி, காளியக்கா" என்றான் வெங்கிட்டு. "ஆனா மதாம்ம போறதா வேண்டாமான்னு யோசிக்கிறாங்க. தனியா அந்தக் கூரையை இறக்க முடியாதாம். துணைக்கு யாராவது வர்ற வரைக்கும் இங்கேயே இருக்கலாமான்னு மொதலாளிகிட்ட கேட்டிருக்காங்க."

"மொதலாளி என்ன சொன்னாரு?"

"இருந்துட்டுப் போகட்டும்னாரு."

அன்று தையல் வேகமாக ஓடியது. அன்று மத்தியானமே ஒரு சுமைக்காரர் சைக்கிள் கேரியரில் பெட்டியை வைத்து, பழைய டியூபை நாடாவாக அறுத்து இறுக்கிக் கட்டுவதைப் பார்த்தாள். இழுத்தால் நீளுகிறது, விட்டால் சுருங்குகிறது. ஊசி கையிலேயே நின்றுவிட்டது. கித்தானின் இடுப்பைச் சுற்றி வெளிப்பக்கம் துணி வளையங்கள் தைத்து, அதற்குள் இந்த ரப்பரைக் கோத்துவிட்டால் போதும். கூரை மேலே இருக்கும்போது விறைத்து நிற்கும். இறங்கும்போது சுருங்கித் துணியைத் தானாகவே உள்ளே இழுத்துக்கொள்ளும். இன்னொரு ஆள் தேவையில்லை.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று வீட்டுக்குப் போனாள். மறுநாளும் சொல்லவில்லை. அதற்கடுத்த நாள் வண்டியில் உட்கார்ந்து காப்பி குடித்தபோது அன்னம்மா ஒரு வரைபடத்தை விரித்து, கன்னியாகுமரியில் விரலை வைத்துக் காட்டினாள். காளியம்மை தெரியாதவள்போலத் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

அன்னம்மா புழுக்கத்துக்காகக் கூரையைத் தூக்கியே வைத்துத் தூங்கிய ஒரு நாள், விடியும் நேரத்தில் மழை வந்துவிட்டது. காளியம்மை வேலைக்கு வந்தபோது கூரை கோணலாகப் பாதியில் நிற்க, அன்னம்மா வண்டிப் படியில் நனைந்தபடி உட்கார்ந்திருந்தாள். வலது கையில் சுற்றியிருந்த துவாலையில் ரத்தம். ஒரு கையால் கூரையை இழுத்துக்கொண்டு மறு கையால் துணியை விடுவிக்கப் போய், மடக்குக் கம்பிக்குள் விரல்கள் நசுங்கிவிட்டன.

வெங்கிட்டு ஆட்டோ கூட்டிவந்தான். ஆஸ்பத்திரியில் தையல் போடும்போது அன்னம்மா கத்தவில்லை. காளியம்மையின் தோளை மட்டும் இறுக்கிப் பிடித்திருந்தாள். திரும்பி வந்ததும் காளியம்மை சைக்கிள் கடைக்குப் போய் இரண்டு பழைய டியூப் வாங்கிவந்தாள்.

"என்னக்கா பண்ணப் போறீங்க?" என்றான் வெங்கிட்டு.

"இவங்க போறதுக்கு வழி பண்றேன்" என்றாள். சொல்லிவிட்டு டியூபை நாடாவாக அறுக்க உட்கார்ந்தாள்.

சாக்கு தைக்கும் நேரம் போக மீதி நேரமெல்லாம் அதிலேயே உட்கார்ந்தாள். தடித்த துணியை மடித்து வளையங்கள் செய்து கித்தானில் வைத்துத் தைத்தாள். ஊசித் துளை வழியே தண்ணீர் இறங்காதபடி ஒவ்வொரு தையலின்மேலும் மெழுகுவர்த்தியைத் தேய்த்தாள். ரப்பரைக் கோத்து இறுக்கிக் கட்டினாள். பிறகு கீழே இறங்கி, பக்கத்துக் கதவைத் திறந்துவைத்துவிட்டு, "இறக்குங்க" என்று கையைக் காட்டினாள்.

அன்னம்மா கட்டுப் போடாத கையால் இழுத்தாள். கித்தான் நடுவில் இடுப்பு ஒடுங்கியதுபோல உள்ளே வாங்கி, மடிந்து மடிந்து படுத்துக்கொண்டது. எங்கும் சிக்கவில்லை. கொக்கி மாட்டும் சத்தம் கேட்டது. அன்னம்மா வெளியே குதித்து வந்து அவளைக் கட்டிக்கொண்டு, வேகவேகமாக என்னென்னவோ சொன்னாள். காளியம்மைக்கு ஒன்றும் புரியவில்லை. சும்மா தொங்கிய தன் கைகளை எங்கே வைப்பதென்றும் தெரியவில்லை. கடைசியில் அந்த வியர்த்த முதுகில் வைத்தாள்.

கை ஆறியதும் அன்னம்மா கிளம்பினாள். கிடங்கு ஆட்கள் எல்லாரும் வாசலில் நின்று வழியனுப்பினார்கள். வண்டி பஜார் முனையைத் தாண்டித் திரும்பும் வரை "காளீ, காளீ" என்ற குரலோடு ஜன்னல் வழியே கை ஆடியது. காளியம்மை உள்ளே வந்து மூட்டையைத் தைக்க உட்கார்ந்தாள். வண்டி நின்ற இடத்தில் மறுநாளே சுக்கு காயப்போட்டார்கள்.

அதற்குப் பிறகு சேதி எதுவும் வரவில்லை. ஒருத்தி எழுதினால் இன்னொருத்தியால் படிக்க முடியாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

அடுத்த வருஷம் கோட்டைக் கொச்சிக் கடற்கரையில் வெளிநாட்டு வண்டிகள் வந்து நிற்பதாக வெங்கிட்டு சொன்னான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல சேலை உடுத்திக்கொண்டு போனாள். நின்றது ஒரே ஒரு வண்டி, நீல நிறம். அவள் அருகில் போனதும் உள்ளேயிருந்த ஆள், எதையோ விற்க வந்தவள் என்று நினைத்து, வேண்டாம் என்று தலையாட்டினான். அவள் ஒதுங்கி மரத்தடியில் நின்றாள். கொஞ்ச நேரத்தில் மேகம் திரண்டது. அவன் கூரையை இழுக்க, மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் ஆளுக்கொரு பக்கமாகத் துணியைத் தள்ளினார்கள். ஒரு மூலையில் துணி பிதுங்கியது. காளியம்மை தன்னையறியாமல் இரண்டடி முன்னால் வைத்தாள். அதற்குள் சின்னவள் பார்த்துவிட்டு விரலால் உள்ளே தள்ளினாள். கூரை மூடியது. எல்லாரும் சிரித்துக்கொண்டே கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

முதல் தூறல் விழுந்தது. அவள் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு பஸ் நிற்கும் பக்கமாக நடந்தாள்.