நாலு நிலா உள்ள ஊர்

பிள்ளைகளா, நேற்று நீங்கள் பள்ளிக்கூடத்துக்காகக் களிமண்ணை உருட்டி, வியாழனின் நிலாவான கானிமீடைப் பெரிதாகவும், சனியின் நிலாவான டைட்டனைக் கொஞ்சம் சிறிதாகவும், நம்முடைய நிலாவை இன்னும் சிறிதாகவும் செய்து வைத்தபோது, அந்த ஈரமண் வாசனையில் நான் அஞ்சுகிராமத்துப் பக்கம் இருந்த செங்கல் சூளைக்குப் போய்விட்டேன். இப்போது அங்கே கல்யாண மண்டபம் நிற்கிறது. என் அக்கா, அதாவது உங்கள் அத்தை, அங்கேதான் அச்சில் மண்ணை அடைத்துக் கல் அறுத்தாள். வெயில் ஏறுமுன் முடிந்தவரை அறுத்துப் போட வேண்டும் என்று விடியுமுன்பே வேலை தொடங்கும், நிலாக் காலம் வந்துவிட்டாலோ விளக்குச் செலவில்லை என்று முதலாளி இன்னும் சீக்கிரம் எழுப்பிவிடுவார், பிறகு பகலெல்லாம் அச்சுத் தட்டும் சத்தத்துக்கு நடுவே அவள் கண்கள் சொருகிக்கொண்டே இருக்கும்.

வியாழனுக்கு நாலு பெரிய நிலாக்கள் என்று வகுப்பில் கேட்டதை ஒருநாள் ஓடிவந்து அவளிடம் சொன்னேன்.

“ஒண்ணுக்கே இந்தப் பாடு மக்கா! நாலு நிலா உள்ள ஊர்ல கல்லு அறுக்கியவ எப்பம்லே உறங்குவா?” என்றாள்.

சூளையில் எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பதற்குள் கொட்டாவி வந்துவிட்டது.

நேற்று நீங்கள் சாப்பிடப் போனபின் பார்த்தேன். நம் வீட்டுக்கு வந்திருந்த அத்தை உள்ளறையில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள், முகத்தில் நிலா வெளிச்சம். சத்தமில்லாமல் சன்னல் கதவைச் சாத்தினேன்.