மலையில் ஒரு கந்தசஷ்டி

மலைப் பயணத்துக்கு மகள் வரவில்லை என்று தெரிந்தபோது நான் சப்பாத்து வாங்கி, அதைப் போட்டுக்கொண்டு ஒரு மாதமாக நடந்து பழகியும் விட்டேன். நாங்கள் குடியிருக்கும் சில்க்போர்க்கில் எங்களுக்கும் ஒரு மலை இருக்கிறது. வானமலை என்று டெனிஷ்காரர் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். நூற்றைம்பது மீற்றர்கூட வராது. தோள்பைக்குள் ஐந்து கிலோ அரிசிப் பை இரண்டை வைத்துக்கொண்டு சனி ஞாயிறுகளில் அதில் ஏறி இறங்கினேன். ஒருநாள் உச்சியில் இருக்கும் ஐஸ்கிரீம் கடை வாசலில், என்னோடு யன்னல் தொழிற்சாலையில் வேலை செய்யும் அண்ணை ஒருவர் குடும்பத்தோடு நின்றார். என் பையைத் தூக்கிப் பார்த்தார்.

“உதென்ன, அரிசியோ? இமயமலையிலை சாப்பாட்டுக் கடை போடப்போறியோ?”

“பாரம் தூக்கிப் பழகிறன் அண்ணை.”

“வேலையிலை ரெண்டு படி ஏணியிலை ஏறச் சொன்னாலே ஆளைத் தேடுறவன் நீ. பிள்ளை கேட்டவுடனை ஓம் எண்டிட்டாய் என்ன?”

அவர் சொன்னது உண்மைதான். பயணம் மகளின் யோசனை. நேபாளத்தில் லாங்டாங் என்ற பள்ளத்தாக்கில் வழிகாட்டிகளோடு ஆறு நாள் நடை, அதற்கு முன் காத்மாண்டுவில் புத்த கோயில்கள், மலையின் மேலே ஒரு பழைய மடம். அவள் ஓல்போர்க்கில் ஆஸ்பத்திரி நேர்ஸ். தாய் இறந்த மூன்று வருஷமாக எங்களுடைய பேச்செல்லாம் ஞாயிறு காலையில் போனில் பத்து நிமிஷம். நான் தமிழில் கேட்பேன், அவள் டெனிஷில் பதில் சொல்லுவாள். அதற்குள் அப்பா என்ற ஒரு சொல்தான் தமிழ். விமானம், தொங்குபாலம், தெரியாத மலசலகூடம், என்னுடைய உடைந்த டெனிஷ் என்று எனக்குப் பயப்பட ஆயிரம் இருந்தது. ஆனாலும் பன்னிரண்டு நாள் பிள்ளையோடு இருக்கலாம். அதற்காகத்தான் ஓம் என்றேன்.

புறப்பட இரண்டு கிழமை இருக்கும்போது அவளுடைய வார்ட்டில் இரண்டு பேர் நோய் விடுமுறையில் போய்விட்டார்கள். அவளுக்கு லீவு இல்லை. அப்படியென்றால் நானும் போகவில்லை என்றேன். அவள் சொன்னாள்.

“ஒருக்காவாவது பயப்பிடாமல் ஒரு காரியம் செய்யுங்கோ அப்பா.”

டெனிஷில் அது இன்னும் கட்டையாகவும் கடுமையாகவும் இருந்தது. அதற்குப்பிறகு மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவளுக்கு நான் சொல்லாத ஒன்று இருந்தது. மலையில் நடக்கும் நாட்கள் கந்தசஷ்டி நாட்கள்.

மகள் மாதம் நிறையாமல் பிறந்தவள். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த பிள்ளையைப் பார்த்து மனைவி முருகனுக்கு நேர்ந்துகொண்டாள். அன்றுமுதல் ஒவ்வொரு ஐப்பசியிலும் ஆறு நாளும் அவள் விரதம் இருந்தாள். அவள் இறந்த வருஷம் ஐப்பசி வந்தபோது, இனி இதை யார் பிடிப்பது என்று நினைத்தேன். எனக்குப் பெரிய பக்தி ஒன்றும் கிடையாது. விடுவதற்குத்தான் பயம். விட்ட வருஷம் பிள்ளைக்கு ஏதாவது நடந்தால்? அவள் தினமும் பெருந்தெருவில் கார் ஓடுகிறவள். யுத்தத்தில் ஊர்ப் பள்ளிக்கூடம் அகதி முகாமாக மாறியபோது எட்டாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. படித்தவர்கள் இதை யோசித்துக் கடந்துபோவார்கள் என்று நினைக்கிறேன். என் தலைக்குள் ஒரு பயம் வந்து குந்தினால் பிறகு எழும்பிப் போகாது. அதனால் விரதத்தை நான் எடுத்துக்கொண்டேன். ஐந்து நாள் மத்தியானம் மட்டும் ஒரு நேரச் சாப்பாடு. வெங்காயம், உள்ளிப்பூண்டு சேர்ப்பதில்லை. ஆறாம் நாள் தண்ணீர் மட்டும். தொழிற்சாலைக்குள் நின்று யன்னலுக்கு ரப்பர் பூட்டுகிறவனுக்கு அது பெரிய கஷ்டமில்லை. மலையிலும் முடியும் என்று நினைத்தேன். யாரிடமாவது சொன்னால் மறிப்பார்கள். ஒருவருக்கும் சொல்லவில்லை.

காத்மாண்டுவில் இறங்கியது எங்கள் தீபாவளி நாளில். அங்கே அன்று நாய்களுக்குச் செவ்வந்தி மாலை போட்டு, நெற்றியில் பொட்டும் வைத்திருந்தார்கள். அடுத்தநாள் பௌத்தநாத் தூபிக்குக் கூட்டிப்போனார்கள். வெள்ளைக் குமிழுக்கு மேலே இரண்டு பெரிய கண்கள். எங்கள் ஊரில் புத்தர் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சென்றிக் காவலரண் இருக்கும், ஆமி நிற்கும். என்னை அறியாமல் ஜாக்கெட் பைக்குள் இருந்து கைகளை வெளியே எடுத்துவிட்டேன், பாஸ்போர்ட் இருக்கிறதா என்று தடவியும் பார்த்தேன். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கிழவிகள் செபமாலை உருட்டிக்கொண்டு இடமிருந்து வலமாகச் சுற்றினார்கள். எங்கள் கோயிலிலும் அப்படித்தானே. மூன்று தரம் சுற்றினேன். திரும்பி வந்தபோது என்னோடு வந்த டெனிஷ் குழுவினர் கோப்பிக் கடையில் சோடி சோடியாக இருந்தார்கள்.

குழுவில் எல்லாரும் சோடிதான். புருஷன் பெண்சாதி, சிநேகிதிகள், ஒரு அக்கா தங்கை. குழுவை நடத்தியது அறுபது வயது தாண்டிய, முன்பு ஆசிரியையாக இருந்த ஒரு டெனிஷ் பெண். மகள் வராததால் எனக்கு அறை தனி, பஸ்ஸில் இருக்கை இரண்டு. பக்கத்து இருக்கையில் பையை வைத்து, அதற்கும் பெல்ற் போட்டுவிட்டேன்.

முதல் நாள் விரதம் பஸ்ஸிலேயே போனது. இரண்டாம் நாள் ஆற்றோரக் காட்டுக்குள்ளால் நடை. நாங்கள் தங்கும் விடுதிகளில் பின்னேரம் ஒரு நோட்டுக் கொப்பி மேசையைச் சுற்றி வரும். அவரவர் தங்களுக்கு வேண்டிய சாப்பாட்டை அதில் எழுதவேண்டும். நான் எழுதாமல் பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டினேன். அவர் என்னை ஒருதரம் பார்த்தார், வாங்கி எழுதினார். அவ்வளவுதான். காலையில் தரும் கஞ்சியை வெளியே கொண்டுபோய் விடுதி நாய்க்கு ஊற்றினேன். எங்கள் வீடுகளில் ஒருவன் சாப்பிடாமல் இருந்தால் நாலுபேர் கேட்பார்கள், ஐந்தாவது ஆள் கோப்பையைக் கொண்டுவந்து மடியில் வைத்துவிடும். டெனிஷ்காரருக்கு அது உன்னுடைய விஷயம். அதில் கைவைப்பது மரியாதையில்லை. குழுத்தலைவி மட்டும் எல்லாம் சரிதானா என்று கேட்டார். “ஃபீன்ற்” என்றேன். நல்லாயிருக்கிறேன் என்று அர்த்தம். முப்பது வருஷமாக மேற்பார்வையாளருக்கும் டொக்டருக்கும் மகளின் ரீச்சருக்கும் நான் சொல்லிவந்த பதில் அது. இப்போது வாய் தானாகவே சொல்லும்.

யாரும் கேட்காதது நல்லதென்றுதான் இருந்தது. ஆனால் அடுப்பைச் சுற்றி அவர்கள் சூப்பில் ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டு சீட்டு விளையாடியபோது, யாராவது ஒருவர் இரண்டாம் தரம் கேட்கமாட்டாரா என்றும் இருந்தது.

மூன்றாம் நாள் ஏற்றம். மத்தியானம் சோறும் பருப்பும் வந்தது. பருப்புத் தாளிதத்தில் உள்ளி கிடந்ததால் வெறும் சோற்றில் நாலு வாய் தின்றேன். அதற்குப்பிறகு மண்டைக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல இருந்தது. பாதையின் நடுவே மந்திரம் வெட்டிய கற்களை அடுக்கி ஒரு நீளமான மதில் கட்டியிருந்தார்கள். அதை வலது கைப்பக்கம் விட்டு நடக்கவேண்டும் என்று முதலே சொல்லியிருந்தார்கள். மதில் முடிகிறதா என்று பார்த்துப் பார்த்து நடந்தேன். மதில் முடியவில்லை. ஒரு கல்லில் குந்தியது ஞாபகம். பிறகு கண்ணைத் திறந்தபோது நான் நிலத்தில் கிடந்தேன். குழுத்தலைவி என் விரலில் ஒட்சிசன் பார்க்கும் கருவியைக் கொளுவிக்கொண்டிருந்தார். இன்று சாப்பிட்டாயா என்று கேட்டார். ஓம் என்றேன்.

குழுவில் கடைசியாக நடக்கிறவருக்குப் பின்னால் நடப்பது அந்த ஊர் வழிகாட்டியின் வேலை. என் வயதுதான் இருக்கும் அவருக்கு. இரண்டு நாளாக என் முதுகைப் பார்த்துக்கொண்டு நடந்தவர். அவர் குழுத்தலைவியிடம் ஏதோ சொன்னார். நாய் குடித்த கஞ்சியைப் பற்றித்தான் என்று அந்தப் பெண்ணின் முகத்தில் தெரிந்தது.

கிராமத்து விடுதிக்கு என்னைத் தாங்கிக்கொண்டு போனார்கள். குழுத்தலைவி நிதானமாகவும் தெளிவாகவும் சொன்னார். மேலே மடத்துக்கு நான் வரமுடியாது. இன்றைக்குச் சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, விடிய நன்றாக இருந்தால் மற்றவர்கள் திரும்பி வரும்வரை இந்த விடுதியில் இருக்கலாம். இல்லையென்றால் ஒரு ஆளோடு கீழே அனுப்புவார். சொல்லிவிட்டு மற்றவர்களிடம் போனார். வழிகாட்டி என்னருகே இருந்துகொண்டார்.

விடுதிக்காரப் பெண் ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தார். கேட்காமலே வந்த சாப்பாடு. மூக்கில் ஏறிய மணத்தில் விளங்கிவிட்டது. உள்ளிச் சூப். அந்த மலைகளில் உயரம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அதுதான் கைமருந்து.

எனக்கும் அவருக்கும் தெரிந்த துண்டு ஆங்கிலத்தில் பேசினோம். விரதம் என்றேன். யாருக்காக என்று கேட்டார். மகளுக்காக. தன்னுடைய தாயும் பௌர்ணமிக்கு விரதம் இருப்பவர்தான், ஆனால் வீட்டுக்குள்ளே சுவரில் சாய்ந்துகொண்டு இருப்பார், மலை ஏறமாட்டார் என்றார். பிறகு கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார்.

“விழுந்தால் உன்னைத் தூக்குவது நான். உன்னுடைய சாமி இல்லை.”

நான் குடித்தேன். முழுவதையும் குடித்தேன். அடியில் கிடந்த உள்ளிப் பற்களையும் கரண்டியால் எடுத்துத் தின்றேன். வயிறு சூடாக, சூடாக, பயம் ஏறியது. ஓல்போர்க்கில் இப்போது எத்தனை மணி, வேலை முடிந்து காரில் ஏறியிருப்பாளா, தெருவில் மழையா என்று கணக்குப் பார்த்தேன். போன் எடுக்கவேண்டும். விடுதியில் வைஃபை சூரியத் தட்டில் ஓடுவது. முகில் மூடியிருந்தது. விடுதிக்காரப் பெண் வானத்தைக் காட்டிக் கையை விரித்தார்.

காலையில் தலையிடி குறைந்துவிட்டது. விரலில் ஒட்சிசன் பார்த்துவிட்டு, இருக்கலாம் என்றார் குழுத்தலைவி. எல்லாரும் மடத்துக்குப் போனார்கள். போகும்போது ஒவ்வொருவராக என் தோளில் தட்டினார்கள். மறுநாள் பின்னேரம்தான் திரும்பி வருவார்கள்.

அந்த இரண்டு நாளும் முகில் விலகவில்லை. விடுதிக்காரப் பெண் உருளைக்கிழங்கு சீவினார். நானும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் இருந்து சீவினேன். எங்களுக்குப் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. நான் அரைமணிக்கு ஒருதரம் போனை எடுத்துப் பார்ப்பதைக் கண்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு எழும்பி, பூட்டுத் திறப்பு ஒன்றை எடுத்து வாவென்று தலையாட்டினார். ஊருக்குப் பின்னால் ஒரு சின்னக் கோயில். உள்ளே வெண்ணெய் விளக்கு, புகை மணம், நடுவில் புத்தர். அந்தப் பெண் மூன்றுதரம் விழுந்து கும்பிட்டார். நான் நின்றேன். பிறகு எனக்கும் கால் மடிந்தது. யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. விரதத்தை முறித்தது நான், பிள்ளை இல்லை, ஏதும் தருவதென்றால் எனக்குத் தா என்று புத்தரிடமே தமிழில் சொன்னேன். முருகனுக்குப் போய்ச் சேரட்டும் என்று விட்டுவிட்டேன்.

மற்றவர்கள் மடத்தின் படங்களோடு சந்தோஷமாக வந்து சேர்ந்தார்கள். இறங்க இரண்டு நாள் எடுத்தது. பள்ளத்தாக்கின் வாசலில் இருக்கும் ஊரில் போன் உயிர்பெற்றது. மேசையில் எல்லாருக்கும் பியர் வந்துகொண்டிருந்தது. நான் வெளியே போய் மகளுக்கு எடுத்தேன். ஆஸ்பத்திரிச் சாப்பாட்டறையில் இருந்தாள், பின்னால் கோப்பைச் சத்தம் கேட்டது.

“உனக்கு ஒண்டும் இல்லைத்தானே?”

ஒன்றும் இல்லை, ஏன் என்றாள். நான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். கண்ணாடிப் பெட்டி, நேர்த்தி, மூன்று வருஷம், மதில், சூப். பிறகு டெனிஷில், ஒரு நோயாளிக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள்.

“அப்பா, அம்மா சஷ்டிக்குப் பிஸ்கற் சாப்பிடுறவ.”

தாய் துப்புரவு வேலையால் வந்ததும், நான் வேலை முடிந்து வருவதற்கு முன், உடுப்புக் கூடையோடு இரண்டுபேரும் கட்டடத்தின் நிலவறைக்கு இறங்குவார்களாம். மெஷின் ஓடி முடியும்வரை அங்கே இருந்து பிஸ்கற் சாப்பிடுவார்களாம். அவளுக்கு நினைவு தெரிந்த நாளில் இருந்து அப்படித்தான். குளிரில் வேலை செய்கிறவள் என்று முருகனுக்குத் தெரியும் என்பாளாம் தாய். அடுத்ததைத் தமிழிலேயே, தாயின் குரலைப்போலவே சொன்னாள்.

“அப்பாவுக்குச் சொல்லிப்போடாதை. மனுசன் பயந்து துலைச்சிடும்.”

மனைவி விரதம் இருக்கும் அந்த ஆறு நாளும் நான் சாப்பாட்டைக் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு, நின்றபடி, அவசரமாகச் சாப்பிடுவேன். பசியோடு இருக்கிறவளுக்கு மணம் போகக்கூடாது என்று யன்னலையும் திறந்து வைப்பேன்.

“என்ன பிஸ்கற்?” என்று கேட்டேன்.

சொக்லேற் பூசினது என்றாள். சிரித்தாள். இடைவேளை முடிந்துவிட்டது, வார்ட்டுக்குப் போகவேண்டும் என்றாள். ஓம், போ என்றேன்.

உள்ளே குழுத்தலைவி எனக்கென்று ஒரு கதிரையை இழுத்து வைத்துவிட்டுக் கையைக் காட்டினார். வருகிறேன் என்று தலையாட்டிவிட்டு அப்படியே வெளியில் நின்றேன். அந்த நிலவறைக்கு நானும் எத்தனையோ தரம் உடுப்புக் கொண்டு இறங்கியிருக்கிறேன். மெஷினுக்கு எதிரே, சுவரோடு ஒரு வாங்குப் பலகை கிடக்கும். இரண்டுபேர் இருக்கலாம்.