பத்தில் இரண்டு

எனக்கு ஒன்பது வயது நடந்தபோது வீட்டில் எனக்கென்று ஒரு வேலை இருந்தது. காலை ஆறு மணிக்கு அக்கா டென்னிஸ் பந்தை சர்வ் அடிப்பாள். அதை அம்மாவின் போனில் படம் பிடித்துத் திருவனந்தபுரத்திலிருக்கும் கோச் சாருக்கு அனுப்பவேண்டும். அக்காவுக்கு அப்போது பதினைந்து. அவள் ஆடுகிறவள், நான் அனுப்புகிறவள். எங்கள் இரண்டு பேரில் யாருடைய வேலை பெரியது என்று கேட்டிருந்தால் நான் யோசிக்காமல் என் பெயரைச் சொல்லியிருப்பேன்.

அப்பா கருங்கல் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வேன் ஓட்டினார். பள்ளிக்கூடத்தின் பின்பக்கம், ரப்பர் தோட்டத்து மதிலை ஒட்டி ஒரு சிமெண்ட் கோர்ட் கிடந்தது. எந்தக் காலத்திலோ இருந்த ஒரு பாதிரியார் ஆசைப்பட்டுப் போட்டது. அவர் மாற்றலாகிப் போனபிறகு அதில் யாரும் ஆடவில்லை, நல்ல மிளகு காயப்போடத்தான் பயன்பட்டது. அப்பா கடைசி டிரிப் முடித்து வரும்வரை அக்கா அங்கே காத்திருப்பாள். ஸ்டோர் ரூமில் கிடந்த பழைய ராக்கெட் ஒன்றை எடுத்துச் சுவரில் பந்தடிக்க ஆரம்பித்தவள், நான்கு வருடத்தில் நாகர்கோவிலில் நடக்கும் போட்டிகளில் எல்லோரையும் ஜெயித்தாள். அப்படி ஒரு போட்டியில்தான் கோச் சார் அவளைப் பார்த்தார். வயதான மலையாளி. மாதத்துக்கு ஒருநாள் பஸ் ஏறி வந்தால் போதும், மற்ற நாளெல்லாம் வீடியோ அனுப்பு என்றார். சென்னையில் தங்கிப் படித்து ஆடுகிற ஓர் இடத்தில் அவளைச் சேர்க்க அவரே பேசியும் வைத்தார். செப்டம்பரில் அதற்குத் தேர்வு.

எப்படிப் படம் பிடிக்கவேண்டும் என்று அவர்தான் எனக்குச் சொல்லித்தந்தார். பின்னாலிருந்து ஐந்து, பக்கவாட்டிலிருந்து ஐந்து. கால் முதல் மேலே போகும் பந்துவரை எல்லாம் படத்துக்குள் வரவேண்டும். பத்தையும் அனுப்பவேண்டும். அவர் பார்த்துவிட்டு வாய்ஸ் மெசேஜ் போடுவார். அந்தக் குரலில் கோபம் இருக்காது, இனிப்பும் இருக்காது. டாக்டர் மருந்து எழுதுவதுபோல் பேசுவார். "மோளே, பந்து தலைக்குப் பின்னால போகுது. அதை எட்டிப் பிடிக்க நீ முதுகை வளைக்கிறே. பந்தை முன்னால போடு. இடது கை முழுசா நீளட்டும், கண்ணுக்கு நேரே வரும்போது விரலை விடு. முதுகு இல்ல, முட்டுதான் மடங்கணும்."

இதே மெசேஜ் கொஞ்சம் மாறிமாறி வாரக்கணக்கில் வந்தது. அக்காவும் மாற்றத்தான் பார்த்தாள். பந்து இல்லாமல், பந்தோடு, கண்ணாடி முன்னால், கிணற்றடியில். நூறுமுறை பந்தை மேலே போட்டு, அது முன்னால் வைத்த துண்டின்மேல் விழுகிறதா என்று பார்ப்பாள். துண்டில் விழும். ஆனால் ராக்கெட்டைக் கையில் எடுத்து ஓங்கியதும் பழைய பழக்கம் வந்து பந்தைப் பின்னால் இழுத்துக்கொண்டுபோகும்.

மெசேஜ் வருகிற நாட்களில் அக்கா சாப்பிட மாட்டாள். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தால், "ஏட்டி, அங்க போ" என்று விரட்டுவாள். அந்த ஒரு காரணத்துக்காகவே எனக்குக் கோச் சாரைப் பிடிக்காமல்போனது.

ஜூன் மாதம் அவருக்கு முழங்காலில் ஆபரேஷன் நடந்தது. மூன்று மாதம் கோர்ட்டுக்கு வர முடியாது, படுத்தபடி வீடியோவில் பார்த்துச் சொல்கிறேன் என்றார். பஸ் பயணம் நின்றது. அதன்பிறகு கோச் சார் அக்காவைப் பார்த்ததெல்லாம் நான் காட்டியதைத்தான்.

அந்த முதல் வாரமே நல்ல மழை. மழை விட்ட ஒரு மணி நேரத்தில் அக்கா சர்வ் அடித்தாள், நான் பத்தையும் படம் பிடித்தேன். ஆனால் நெட் சரியில்லை. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்து, இரண்டே இரண்டுதான் போயிற்று. மிச்சத்தை அப்புறம் அனுப்பலாம் என்று விட்டுவிட்டேன். மத்தியானம் பதில் வந்தது. "ஆஹா, இப்போ சரியாச்சு மோளே! பந்து முன்னால வருது. இதுதான் வேண்டியது."

தற்செயலாகப் போன இரண்டும் நல்ல சர்வுகள்.

அக்கா அந்த மெசேஜை நாலுமுறை கேட்டாள். அன்று அவள் என் தலையில் எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னல் போட்டுவிட்டாள். சாயங்காலம் என்னைக் கூட்டிக்கொண்டுபோய் முக்குக் கடையில் பழம்பொரி வாங்கித் தந்தாள். வருகிற வழியெல்லாம் பாடிக்கொண்டே வந்தாள். அவள் பாடி நான் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது.

மறுநாள் நெட் நன்றாகவே இருந்தது. நான் பத்தையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். ஒரு வருடமாக அவர் சொல்வதைக் கேட்டுக்கேட்டு எது நல்லது, எது கெட்டது என்று எனக்கும் தெரிந்திருந்தது. எட்டில் பந்து பின்னால் போனது. மற்ற இரண்டை மட்டும் அனுப்பினேன்.

"ஏட்டி, பத்தும் அனுப்பினியா?" என்று அக்கா பந்து பொறுக்கியபடி கேட்டாள்.

"ம்" என்றேன்.

அதில் தப்பு இருப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை. பரீட்சையில் தெரிந்த கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறோம் இல்லையா, அதுபோல என்று நினைத்துக்கொண்டேன். அக்கா சாப்பிட்டாள், சிரித்தாள். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அதை நடத்திக்கொண்டிருப்பது நான்தான் என்பது எனக்கு மட்டும் தெரிந்த பெருமை.

கோச் சாருக்கும் சந்தோஷம்தான். மழைக்கு நெட் இழுக்காது, வந்தவரை போதும் என்று எண்ணிக்கொண்டார். பந்து முன்னால் வர ஆரம்பித்துவிட்டது, இனி எண்ணிக்கையைக் கூட்டலாம் என்றார். அதுவரை ஒரு நாளைக்கு அடித்துவந்த முப்பது சர்வ் அறுபதாயிற்று, ஜூலை முடிவதற்குள் நூறாயிற்று. அப்புறம் பந்தைச் சுழற்றி மேலே எழுப்பி அடிக்கிற இரண்டாவது சர்வைத் தொடங்கச் சொன்னார். அதற்கு உடம்பு இன்னும் கொஞ்சம் வளையவேண்டும். ஏற்கெனவே வில் மாதிரி வளைந்துகொண்டிருந்த முதுகு அது என்பது அவருக்குத் தெரியாது.

ஒருநாள் கோர்ட்டிலிருந்து வந்ததும் அக்கா குப்புறப் படுத்துத் தைலம் தேய்க்கச் சொன்னாள். இடுப்புக்கு மேலே, நடுவில், ஒரு ரூபாய் அகலத்துக்கு ஓர் இடத்தைக் காட்டினாள். தொட்டதுமே பல்லைக் கடித்தாள்.

"அம்மைட்ட சொல்லட்டா?"

"சொல்லாண்டாம் மக்கா. செப்டம்பர் வர இப்பிடியே போட்டு. கோச் சாரே நல்லா வருதுன்னு சொல்லுதாரு, பொறவு என்ன? புதுசா அடிச்சா வலிக்கத்தான் செய்யும்."

அவள் வலியை நம்பவில்லை, கோச் சாரை நம்பினாள். கோச் சார் என் வீடியோவை நம்பினார். நான் தினமும் தைலம் தேய்த்தேன். அதுவும் எனக்கு இன்னொரு வேலை கிடைத்தமாதிரி இருந்தது.

ஆகஸ்டில் ஒரு காலை. கோர்ட்டுக்குப் பக்கத்தில் அப்பா வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். அக்கா பந்தை மேலே போட்டாள், அது பின்னால் போனது, எட்டி அடித்தாள். பந்து சரியான கட்டத்துக்குள்தான் விழுந்தது. அவள் ராக்கெட்டைக் கீழே போட்டுவிட்டு, யாரோ உட்காரச் சொன்னதுபோல மெதுவாக உட்கார்ந்தாள். கத்தவில்லை. நான் போனை நிறுத்தாமல் பிடித்துக்கொண்டே நின்றேன். அப்பா கையில் வாளியோடு பார்த்தார். வாளியை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார்.

மார்த்தாண்டத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். முதுகெலும்பின் அடியில் மயிரிழைபோல ஒரு விரிசல். இது இன்றைக்கு வந்தது இல்லை, ஒரே மாதிரி ஆயிரக்கணக்கில் வளைந்து வளைந்து வந்தது என்று டாக்டர் சொன்னார். மூன்று மாதம் இடுப்பில் பெல்ட் கட்டிப் படுக்கவேண்டும். அதன்பிறகு பார்க்கலாம். அம்மா அழுதாள். அப்பா, "செப்டம்பர்ல ஒரு பரீட்சை உண்டு டாக்டர்" என்றார். டாக்டர் பெல்ட்டின் அளவை எழுதிக் கொடுத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோச் சார் வந்தார். ஊன்றுகோலோடு, வாடகைக் காரில், வழிநெடுக முட்டுவலியைத் தாங்கிக்கொண்டு வந்திருந்தார். அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஸ்கேன் பேப்பரைப் படித்தார். "எனக்கு மனசிலாகல. முன்னால போட்டு அடிச்சா இது வராது. பந்து முன்னாலதானே வந்தது?" என்றார். பிறகு அப்பாவிடம், "அந்த போனைக் கொஞ்சம் தரலாமா?" என்று கேட்டார்.

அனுப்பாதவை எங்கும் இல்லாதவை என்றுதான் நான் நினைத்திருந்தேன். எல்லாம் போனுக்குள்ளேயே கிடந்தன. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஒவ்வொரு வீடியோவிலும் பந்து ராக்கெட்டில் படும் 'டொப்' சத்தம் கேட்டது. முப்பது நாற்பது பார்த்தபின் நிறுத்தினார்.

"இதொண்ணும் எனக்கு வரலையே."

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். போன் எப்போதும் யார் கையில் இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று நின்றேன். அக்காவும் என்னைப் பார்த்தாள். அந்தக் கணம்வரை அவளுக்கும் தெரியாது. அவள் முகத்தில் ஏதோ ஒன்று வந்து போயிற்று. கோபமாக இருக்கலாம். நான் சரியாகப் பார்ப்பதற்குள் அவள் கோச் சார் பக்கம் திரும்பிவிட்டாள்.

"நான்தான் சார். நல்லதா பாத்து ரெண்டு மட்டும் அனுப்புன்னு நான்தான் அவள்ட்ட சொன்னேன். அவ சின்னப் பிள்ள, சொன்னதச் செஞ்சா."

கோச் சார் கண்ணாடியைக் கழற்றினார். ரொம்ப நேரம் அதைத் துடைத்தார். "தப்பைப் பார்க்கத்தானே மோளே நான் இருக்கேன். நல்லதைப் பார்க்க நான் எதுக்கு?" என்றார். அவ்வளவுதான். அம்மா கொண்டுவைத்த சாயாவில் ஆடை படிந்தது. அவர் எழுந்தார். நான் ஓடிப்போய் ஊன்றுகோலை எடுத்துக் கொடுத்தேன். அவர் என் தலையில் கைவைத்து, "நல்ல குட்டி" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அப்பா அக்காவை அடிக்கவில்லை, திட்டவுமில்லை. "எங்கிட்ட ஒரு வாக்கு சொல்லப்பிடாதா மக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வெளியே போய் வேனில் உட்கார்ந்துகொண்டார். அதன்பிறகு பல நாள் அவர் அவளோடு பேசவில்லை. பெல்ட்டை இறுக்கிக் கட்டிவிடுவார், மருந்தை எடுத்துத் தருவார், முகத்தை மட்டும் பார்க்கமாட்டார். மரச்சீனிக் கிழங்கும் சாளைமீன் கறியும் வைத்த அந்த ஞாயிற்றுக்கிழமை நான் இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன். அக்கா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, தப்பித்தேன், எல்லாம் சரியாகிவிட்டது என்று இருந்தது.

விரிசல் மூடிக்கொண்டது. ஆறு மாதம் கழித்து டாக்டரே மெல்ல மெல்ல ஆடலாம் என்றார். பதினாறு வயதுக்கு ஒரு வருடம் பெரிய நஷ்டம் இல்லை, சென்னையில் அடுத்த தேர்வும் இருந்தது. அப்பா முற்றத்தில் நின்று கோச் சாருக்குப் போன் செய்தார். அக்கா வாசற்படியில் நின்றாள். நான் அவளுக்குப் பக்கத்தில். ஸ்பீக்கரில் அந்தக் குரல் கேட்டது. கோபமும் இல்லை, இனிப்பும் இல்லை.

"உடம்பு சரியானது சந்தோஷம். ஆனா, தப்பை என்கிட்ட மறைக்கிற குட்டிக்கு நான் எப்படிச் சொல்லிக் குடுக்கிறது? அவ காட்டினதை நம்பி நான் நூறு அடிக்கச் சொன்னேன். அந்த முதுகை ஒடிச்சது நான்தான்னு எனக்கு இப்பவும் தோணுது. எனக்கு இனி வயசில்ல. வேற ஆளைப் பாருங்க."

எங்கள் பக்கத்தில் வேறு ஆள் யார் இருக்கிறார்கள்? அப்பா போனை வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தார். ஒரே ஒரு வாக்கியம் போதும், அப்பா கோச் சாரைத் திரும்பவும் கூப்பிட்டிருப்பார். நான் இல்லை அப்பா, இவள்தான் என்று சொன்னால் போதும். அக்கா என்னைப் பார்த்தாள். என் கையில் கணக்குப் புத்தகம் இருந்தது.

"ஏட்டி, உள்ள போய்ப் படி" என்றாள். பிறகு அப்பாவிடம், "எனக்கு வேண்டாம் அப்பா. இப்பம் அதுல ஒரு விருப்பமும் இல்ல" என்றாள்.

நான் உள்ளே போனேன். இவ்வளவு ஆடியவளுக்கு எப்படி விருப்பம் இல்லாமல் போகும் என்று எனக்கு ஆச்சரியம்தான். ஆனால் அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும். மறுநாள் பள்ளிக்கூடத்தில், அக்கா ஏன் இப்போது ஆடுவதில்லை என்று கேட்ட எல்லோரிடமும், அவளுக்கு டென்னிஸ் அலுத்துப்போய்விட்டது என்று, பக்கத்திலிருந்து பார்த்தவள் என்ற உரிமையோடு, நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.