பதினொரு சுற்றில் நின்ற வால்வு

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். வால்வு சாவி பிடித்துப் பழகிய கை இது, பேனா பிடித்தால் எழுத்து சரிந்து விழுகிறது. ஐந்தாம் வகுப்போடு சரி. சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்று இன்னும் குழப்பம்தான். எஸ்தர் டீச்சர் திருத்திக்கொள்ளட்டும். அடுத்து புராஜெக்ட் செய்யப்போகும் பிள்ளைகள் படிக்க ஒரு பக்கம் எழுதுங்கள் என்று கேட்டவர் அவர்தான்.

சங்கரன்கோவிலில் தெருக்களுக்குத் தண்ணீர் திறந்துவிடுவது என் வேலை. காலை ஆறு மணிக்கு மேலத்தெரு வால்வைத் திறப்பேன். ஏழு மணிக்கு அதை மூடிவிட்டுக் கீழத்தெரு வால்வைத் திறப்பேன். மூடும்போது சுற்றுகளை எண்ணுகிற வழக்கமில்லை. சாவி இறுகினால் வால்வு மூடிவிட்டது என்று அர்த்தம். இருபது வருஷமாக என் கைதான் எனக்குக் கணக்கு.

போன கோடையில் கீழத்தெருவுக்குத் தண்ணீர் குறைந்துபோனது. ஒரு குடம் நிறைய அரை மணி ஆகிறது என்று சத்தம் போட்டார்கள். யாராவது சத்தம் போட்டால் நான் தரையைப் பார்க்கிற ஆள். சூப்பர்வைசரும் கூப்பிட்டுவிட்டார்.

"என்ன வே, கீழத்தெருவுல தண்ணி வரலைன்னு ஒரே புகாரா இருக்கு?"

"மேலத்தெருவுல யாரோ மோட்டார் வச்சு உறிஞ்சுதாங்க சார்."

"யாரோன்னா? பேரச் சொல்லும் வே."

பயத்தில் மரகதம் வீடு என்று சொல்லிவிட்டேன். மரகதம் தறிக்குப் போகிற பெண். மேலத்தெருவின் கடைசி வீடு, பள்ளத்தில் இருக்கிறது. மேலத்தெரு வால்வை மூடிய பிறகும் அவள் குழாயில் தண்ணீர் ஓடுவதை இரண்டு மூன்று தடவை பார்த்திருந்தேன். மோட்டார் இல்லாமல் எப்படி வரும்? அடுத்த திங்கட்கிழமை அவள் வீட்டுக் கனெக்‌ஷனைத் துண்டிக்க உத்தரவாகிவிட்டது.

அந்த வாரம்தான் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேர் என் பின்னால் வரத் தொடங்கினார்கள். டீச்சர் இலை ஒட்டி ஆல்பம் செய்யச் சொன்னாராம். இவர்கள், வேண்டாம், எங்கள் தெருத் தண்ணீரைப் பற்றிச் செய்கிறோம் என்று கேட்டு வாங்கியிருக்கிறார்கள். கையில் ஒரு வாளி, ஒரு கைக்கடிகாரம், ஒரு நோட்டு. எந்த வீட்டில் வாளி நிறைய எத்தனை நிமிஷம் என்று எழுதிக்கொண்டே போவார்கள். முன்னால் நின்று பேசுகிறவள் கோமதி. அவள் வீடு கீழத்தெரு.

"அண்ணாச்சி, வால்வ எத்தன சுத்து சுத்துதிய?"

"அத எண்ணிக்கிட்டு இருந்தா வேல ஓடுமா? ஏட்டி, போ, பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு."

கூட வந்த சாம் சிரித்தான். "நீங்க சுத்துங்க அண்ணாச்சி, நாங்க எண்ணிக்கிடுதோம். சும்மாத்தானே நிக்கோம்."

மூன்று நாள் எண்ணினார்கள். வியாழக்கிழமை கோமதி நோட்டை நீட்டினாள்.

"கீழத்தெரு வால்வு பதினாலு சுத்து. மேலத்தெரு வால்வு பதினொண்ணுதான். ரெண்டும் ஒரே சைஸா அண்ணாச்சி?"

"ஒரே சைஸுதான். ஒரே நாள்ல மாட்டுனது."

"அப்ப மிச்சம் மூணு சுத்து எங்க?"

"நீ தப்பா எண்ணிருப்ப."

"மூணு பேரும் சேந்தா தப்பா எண்ணுவோம்?"

அடுத்த பக்கத்தில் மரகதம் வீடு இருந்தது. ஏழேகாலுக்கும் குழாயில் தண்ணீர். வீட்டுக்குள் போய்ப் பார்த்ததில் மோட்டார் இல்லை. தண்ணீர் கிடைக்காத கீழத்தெருவின் கோமதிதான் அதை எழுதியிருந்தாள்.

எனக்கு விளங்கிவிட்டது. வால்வுக்குள் ஏதோ அடைத்திருக்கிறது. பாதியில் தட்டி நிற்பதை என் கை மூடியதாக எடுத்துக்கொண்டிருக்கிறது. மேலத்தெருவுக்குக் கசிகிற தண்ணீர் பள்ளத்து வீட்டில் போய் விழுகிறது. பேசாமல் வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்துவிடலாம், திங்கட்கிழமை மரகதம் வீட்டைத் துண்டித்ததால்தான் சரியானது என்று ஊர் நினைத்துக்கொள்ளும் என்று யோசித்தேன். மறைக்காமல் எழுதுகிறேன், இரண்டு நாள் அப்படித்தான் யோசித்தேன்.

சனிக்கிழமை பள்ளியில் பிள்ளைகள் சார்ட் மாட்டியிருந்தார்கள். டீச்சர் கூப்பிட்டு சூப்பர்வைசரும் வந்திருந்தார். நான் வாசல் பக்கம் நின்றேன். சார்ட்டில் என் பெயரும் இல்லை, குற்றம் என்று ஒரு சொல்லும் இல்லை. பதினாலு, பதினொன்று என்று இரண்டு எண்கள். கீழே, "வால்வைத் திறந்து பார்க்க வேண்டும்."

சூப்பர்வைசர் சிரித்தார். "பிள்ளைய வெளாட்டுக்கு எண்ணிருக்கு. எங்க ஆளு மோட்டார நேர்ல பாத்துட்டுல்லா சொல்லிருக்காரு."

கோமதி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"சார்," என்றேன். அத்தனை பேர் முன்னால் நான் பேசியது அதுதான் முதல் தடவை. "நான் மோட்டாரப் பாக்கல சார். தண்ணியத்தான் பாத்தேன். பிள்ளைய எண்ணுனதுதான் சரி."

சூப்பர்வைசர் வெளியே வந்து நன்றாகத் திட்டினார். ஆனால் திங்கட்கிழமை தோண்டியது மரகதம் வீட்டு வாசலை அல்ல, வால்வுத் தொட்டியை. வால்வுக்குள் கதவு இறங்கி உட்காரும் குழியில் ஒரு ஜல்லி, கோலிக்குண்டு அளவு, சிக்கியிருந்தது. எடுத்துப்போட்டு மூடினேன். பதினாலு சுற்று. கீழத்தெருவில் குடம் நிறைகிற சத்தம் வால்வு வரைக்கும் கேட்டது.

அன்று சாயங்காலம் மரகதம் வீட்டு வாசலில் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். அவள் ஒரு செம்பை நீட்டினாள்.

"குடிங்க அண்ணாச்சி. மோட்டார் தண்ணி இல்ல, பயப்படாதிய."

குடித்தேன்.

இப்போது என் சட்டைப் பையிலும் ஒரு சின்ன நோட்டு இருக்கிறது. திறந்தது எத்தனை, மூடியது எத்தனை என்று தினமும் எழுதுகிறேன். என்னைப் போல வேலை பார்க்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: பள்ளிப் பிள்ளைகள் நோட்டோடு வந்தால் விரட்டாதீர்கள், எண்ண விடுங்கள். பிள்ளைகளே, உங்களுக்கும் ஒன்று: "நான் பார்த்தேன்" என்று யார் சொன்னாலும், என்ன பார்த்தார் என்று கேளுங்கள்.

டீச்சர் கேட்டது சித்திரையில். எழுதி முடித்தது இன்று, ஆடித் தபசுக்கு மறுநாள், கீழத்தெரு வால்வை மூடிவிட்டு வந்த பிறகு.