சுமாராத்தான் இருந்தாரு

வட்டகொடைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் வீரம்மாவிடம் யாருடைய சுகத்தை விசாரித்தாலும் ஒரே பதில்தான்: "சுமாரா இருக்காங்க." காய்ச்சலில் கிடப்பவரும் சுமார், கல்யாண மாப்பிள்ளையும் சுமார். லயத்து வரிசை வீடுகளில் அவளுக்குச் 'சுமாரு' என்றே பட்டப்பெயர்.

மூத்த பிள்ளை காய்ச்சலில் கிடந்தபோது, "இது தங்காது போலருக்கே" என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். மறுநாள் பிள்ளை போய்விட்டது. அப்புறம் அவள் வாயில் கெட்ட சொல் வந்ததில்லை.

தொண்ணூற்றெட்டில், தீபாவளி நெருங்கும்போது, தேயிலையைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த அவள் புருஷன் அழகுமுத்துவைக் குளவிகள் மொய்த்துக் கொட்டின. செடிக்கடியிலேயே சரிந்தார். அரசாங்க ஆஸ்பத்திரியில் அன்று வேலைநிறுத்தம். கம்பெனிக் காப்புறுதி ஒத்துக்கொள்ளும் ஆஸ்பத்திரி நுவரெலியாவில். அவ்வளவு தூரம் தாங்காதென்று தலவாக்கலையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் போட்டார்கள். பிழைத்துக்கொண்டார். லயமே தன் தீபாவளி முற்பணத்தைக் கொடுத்து அவரை வெளியே எடுத்தது. காப்புறுதிக் காசு வந்தால்தான் பிள்ளைகளுக்குப் புதுத்துணி.

விசாரணைக்கு அட்டனிலிருந்து சிவபாதம் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், காப்புறுதி அதிகாரி. பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரிக்குக் காசு கொடுக்க ஒரே வழிதான் இருந்தது: உயிராபத்து என்று வீட்டார் வாக்குமூலம் தரவேண்டும்.

"அவருக்கு உயிராபத்து இருந்ததோ அம்மா?"

"அப்படியெல்லாம் இல்லைங்க ஐயா. சுமாராத்தான் இருந்தாரு."

பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் மூக்கன் தலையில் அடித்துக்கொண்டான். "அடி ஆத்தே! அக்கா, எங்க அத்தன பேரு துணியும் ஒங்க வாயிலதான் தொங்குது! ஐயா, நான் சொல்றேன், எழுதிக்குங்க."

"நீர் சொல்லி எழுதேலாது தம்பி. மனிசிதான் சொல்லவேணும்."

வீரம்மா வாயைத் திறந்தாள். வாசலில் வீங்கிய முகத்தோடு அழகுமுத்து வெயில் காய்ந்துகொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது.

"வேணாங்க. காசு வராட்டிப் போவுது."

சிவபாதம் அவள் பார்வை போன இடத்தைப் பார்த்தார். பேனாவை மூடப் போனவர் மூடவில்லை.

"சரி, அதை விடுங்கோ. அவர் கத்தின சத்தம் கேக்கேக்க நீங்கள் எங்க நிண்டீங்கள்?"

"மலையிலங்க. கொழுந்து நிறுக்கிற நேரம்."

"கொழுந்தை நிறுத்துப்போட்டோ போனீங்கள்?"

"எங்கங்க? கூடையப் போட்டுட்டு ஓடினேன். ஒருத்தருமே நிறுக்கல. அவரக் கம்பளியில போட்டுத் தூக்கிக்கிட்டு ரோட்டு வரைக்கும் ஓட்டந்தான். எங்கள வேலை வாங்குற கண்டாக்கையாகூட ஒரு முனையப் புடிச்சாரு."

"கண்டாக்கோ? தூக்கினவரோ?"

"சப்பாத்து ஒண்ணு சேத்துல போயிருச்சு. அதக்கூட எடுக்காம ஓடிவந்தாரு, பாவம்."

"கண்டாக்கையா ஆளத் தூக்குனாருன்னா ஒலகம் அழியப் போவுதுன்னு எழுதுங்க ஐயா!" என்றான் மூக்கன்.

சிவபாதம் சிரித்துக்கொண்டே எழுதினார். நிறுக்காத கொழுந்துக்குச் சம்பளம் இல்லை, அதை விட்டுவிட்டு யாரும் நகர மாட்டார்கள். இந்த மலைகளில் பத்து வருசம் அலைந்தவருக்கு அது தெரியும். "இது காணும் அம்மா, அந்தச் சொல் தேவையில்லை" என்றார்.

தீபாவளிக்கு முந்தின வாரம் காசு வந்தது. அலுவலகத்தில் யாரோடு மல்லுக்கட்டினாரோ, மறுவருசத்திலிருந்து விசாரணையில் முதல் கேள்வியே 'எப்படிக் கொண்டுபோனீர்கள்?' என்று மாறியிருந்தது.

தீபாவளியன்று மூக்கன் புதுச்சட்டையில் வந்து நின்றான்.

"எப்படிக்கா இருக்கு?"

காலர் மடங்கியிருந்தது. வீரம்மா அதை நீவிவிட்டாள்.

"சுமாரா இருக்குடா."

உள்ளேயிருந்து அழகுமுத்து சிரிக்கும் சத்தம் கேட்டது.