சொல்லி அழுதவள்

மாப்பிள்ளையூரணியில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பந்தல்காரனுக்கு ஆள் போவதற்கு முன்னால் சீனித்தாய்க்கு ஆள் போகும். சும்மா அழுவதற்கு எந்த வீட்டிலும் ஆள் உண்டு. சொல்லி அழுவதற்குத்தான் ஆள் வேண்டும். செத்தவர் எப்படி வாழ்ந்தார், யார் வைத்துப் பார்த்தார்கள், யார் கைவிட்டார்கள் என்று ஒவ்வொன்றாக எடுத்து, ராகம் போட்டு அவள் அழுதால் கல்லும் கரையும். மாமியாருக்குக் கஞ்சி ஊற்ற மருமகளுக்கு மனசில்லாமல் போனதும் அதில் வரும், மூத்த மகன் கைநாட்டு வாங்கிக்கொண்டு இடத்தை எழுதிக்கொண்டதும் வரும். சம்பந்தப்பட்டவர்கள் அங்கேயே தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தரும் மல்லுக்கு நிற்க மாட்டார்கள். பிணத்தை எடுத்து, வீட்டைக் கழுவி, எல்லாரும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டால் அதோடு சரி. இரண்டு நாள் கழித்து அதே மருமகள் சீனித்தாயின் பெட்டிக்கடைக்கு வந்து சீயக்காய்ப் பாக்கெட் வாங்குவாள். அழுகையில் சொன்னதை மனசில் வைக்கக் கூடாது என்பது அந்தத் தெருவில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும்.

தெரியாமல் போனது அவள் பெற்ற பிள்ளைக்குத்தான்.

சீனித்தாய்க்குப் பிறந்த வீடு என்று மிச்சம் இருந்தது ஒரே அண்ணன், மந்திரமூர்த்தி. மார்க்கெட் பக்கம் பருப்பு மொத்தக் கடை வைத்திருந்தார். அவள் புருஷன் செல்வதுரை அந்தக் கடையின் கிட்டங்கியைப் பார்த்துக்கொண்டார். மூட்டை வருவதும் போவதும் அவர் பொறுப்பு. ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டு, "வாயு புடிச்சிருக்கு மச்சான், வீட்டுக்குப் போறேன்" என்றார். துறைமுகத்திலிருந்து லாரி வந்து நின்ற நேரம். "மாப்ள, இந்த ஒரு லோடை மட்டும் எறக்க வச்சிட்டுப் போயிருங்க" என்றார் மந்திரமூர்த்தி. லாரி காலியாவதற்குள் செல்வதுரை கிட்டங்கி வாசலிலேயே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் உயிர் போயிற்று.

அன்றைக்குச் சீனித்தாய் தன் புருஷனுக்கே சொல்லி அழ வேண்டியதாயிற்று. அழுகைக்குப் பழி போட ஒரு ஆள் வேண்டும். எமனையும் சாமியையும் திட்டித் தீர்த்த பிறகு கண்ணெதிரே இருந்தவர் அண்ணன்தான். "கூடப்பொறந்த பொறப்பே, லோடு எறக்கச் சொன்னியளே, என் தாலியையும் சேத்து எறக்கிட்டியளே" என்று மாரில் அடித்துக்கொண்டாள். மந்திரமூர்த்தி துண்டை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினார். பதினாறாம் நாள் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைக் கொண்டுவந்தவரும் அவர்தான். "சீனி, நா இருக்கேன்" என்றார். அண்ணனுக்கும் தங்கைக்கும் இடையே அந்தப் பேச்சு அன்றோடு முடிந்துபோனது.

சாவுக்குச் சென்னையிலிருந்து வந்திருந்த மகன் முத்துக்குமரன் பந்தல் காலில் சாய்ந்து போனை நீட்டிப் பிடித்திருந்ததை அவளும் பார்த்தாள். யாரோ கூட்டாளிக்குத் தகவல் சொல்கிறான் என்று நினைத்தாள்.

முத்துக்குமரன் இன்ஜினியரிங்கைப் பாதியில் விட்டுவிட்டு ராப் பாடிக்கொண்டிருந்தான். அங்கே அவனுக்கு 'மொட்ட வெயில்' என்று பெயர். அப்பா செத்து ஒரு வருஷம் திரும்புவதற்குள் அவனுடைய முதல் ஆல்பம் வந்தது. பெயர் 'இழவு'. அதில் எடுப்பான பாட்டு, அம்மாவின் அழுகையை அப்படியே வெட்டி வைத்து, அடியில் டமடமவென்று தாளம் போட்டு, நடுநடுவே அவன் மாமனை ரத்தம் உறிஞ்சும் முதலாளி என்று வைது பாடியது. அந்த மாமன் தோளில் உட்கார்ந்து தேர் பார்த்த பிள்ளைதான் அவன். அதெல்லாம் பாட்டில் இல்லை.

சீனித்தாய் அதை முதலில் கேட்டது ஷேர் ஆட்டோவில். மூன்றாம் மைலில் ஏறி உட்கார்ந்ததும் டிரைவர் பாட்டைப் போட்டான். ஒரு பொம்பளை அழுகிற சத்தம் வந்தது. எந்த வீட்டில் என்ன ஆச்சோ என்று அவள் பதறித் திரும்பிப் பார்த்தாள். பிறகு தாலி என்று தான் அழுத சொல்லே காதில் விழுந்தது. பக்கத்தில் இருந்த காலேஜ் பையன் தொடையில் தாளம் போட்டபடி, "தாலியையும் சேத்து எறக்கிட்டியளே" என்று கூடவே பாடினான். அவள் இறங்க வேண்டிய இடத்துக்கு ரொம்ப முன்பே இறங்கி, வெயிலில் நடந்தே வீட்டுக்கு வந்தாள்.

பிறகு நடந்ததற்குக் கேட்கவா வேண்டும்? ஆல்பத்துக்கு 'இழவு' என்று பெயர் வைத்ததே அபசகுனம் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. கெட்ட வார்த்தை என்று இன்னொரு கூட்டம். வியாபாரிகளை அசிங்கப்படுத்திவிட்டான் என்று சங்கத்தார் போலீசில் மனுக் கொடுத்தார்கள். யூடியூபில் பாட்டைக் கொஞ்ச நாள் நீக்கினார்கள். நீக்கிவிட்டார்கள் என்று தெரிந்ததும் அதுவரை கேட்காதவனும் தேடிக் கேட்டான். சென்னையில் கூட்டம் போட்டுப் பேசினார்கள். காலமெல்லாம் வாயில்லாப் பூச்சியாக இருந்த ஒரு தாய்க்கு மகன் குரல் கொடுத்துவிட்டானாம். இப்படிப் பேசியவர்களில் ஒருவராவது மாப்பிள்ளையூரணிக்கு வந்து, அந்தத் தாய்க்கு வாய் எப்படி என்று விசாரித்திருக்கலாம். ஊரே சிரித்துச் சொல்லியிருக்கும்.

யூடியூப்காரன் ஒருவன் வந்தான். மைக்கைப் பெட்டிக்கடை மிட்டாய் பாட்டில் மேல் வைத்துவிட்டு, "அம்மா, அந்த ரெண்டு வரி மட்டும் ஒருக்கா பாடுங்க" என்றான்.

"இப்ப யாரு செத்துருக்கா?" என்று கேட்டாள் சீனித்தாய்.

அவன் அதையும் படம் பிடித்துக்கொண்டு போய்ப் போட்டான். அதற்கும் சிரிப்புப் பொம்மை போட்டார்கள்.

மார்க்கெட்டில் மந்திரமூர்த்திக்கு 'லோடு அண்ணாச்சி' என்று பெயர் நிலைத்தது. கடை முன்னால் லாரி வந்து நின்றால் போதும், எதிர்க் கடைப் பயல்கள் பாட்டைச் சத்தமாக வைப்பார்கள். மகளுக்குப் பேசி முடித்த சம்பந்தம் ஜாதகம் சரியில்லை என்று திடீரென விலகிக்கொண்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? சீனித்தாய் அண்ணன் வீட்டுக்கு ஓடினாள். மதினி உமாராணி கதவைத் திறந்தாள், வா என்று சொல்லவில்லை. மந்திரமூர்த்தி நாற்காலியில் இருந்தபடியே தங்கையைப் பார்த்தார்.

"ஏளா, நீ அன்னைக்கு அழுகையிலதான் சொன்னன்னு இருந்தேன். மனசுலயும் அப்படித்தான் வச்சிருந்தியோ?"

"இல்லண்ணே. சத்தியமா இல்ல."

"அப்ப ஒம்மவன் எதுக்கு அப்படிப் பாடுதான்? நீ சொல்லிக் குடுக்காமலா?"

என்ன சொல்லியும் அவர் முகம் மாறவில்லை. சத்தியம் பண்ணினாள், காலில் விழப் போனாள். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். எவ்வளவு நொந்தாலும் தன்னை நம்பிவிடக்கூடிய ஒரே மனுஷன் அவர் என்று அவள் இத்தனை காலம் நினைத்திருந்தாள். அதுதான் நெஞ்சை அறுத்தது.

அடுத்த பொங்கலுக்கு முத்துக்குமரன் வந்தான். பையை இறக்கி வைக்கக்கூட விடவில்லை அவள்.

"யார்ட்ட கேட்டுல எடுத்த?"

"ம்மா, அது ஒன் குரலு. ஒலகமே கேக்குது. இத்தன வருஷமா நீ வாய மூடிட்டுக் கெடந்த…"

"நா எப்பல வாய மூடிட்டுக் கெடந்தேன்?"

"சரி, நீ சொன்னது பொய்யா? மாமா லோடு எறக்கச் சொன்னாரா இல்லையா?"

"சொன்னாவ. ஒங்கப்பா வாயுப்புடிப்புன்னு சொன்னதும் ஒனக்குத் தெரியும்லா. அத எங்கல பாட்டுல?"

அவன் தோளில் கிடந்த பையை இறக்கி வைத்தான். பிறகு, "அதப் போட்டா பாட்டு நிக்காதும்மா" என்றான்.

"அப்ப எடுத்துரு. எல்லாத்தையும் எடுத்துரு."

"கம்பெனிக்கு எழுதிக் குடுத்தாச்சு. இனி எங்கைல இல்ல."

அன்றைக்கு அவள் அவனுக்குச் சோறு போட்டாள், பக்கத்தில் உட்காரவில்லை. அவன் மறுநாளே ரயிலேறிவிட்டான்.

அந்த ஆடியில் மந்திரமூர்த்தி போய்ச் சேர்ந்தார். காலையில் கடை திறக்கக் கிளம்பியவர் செருப்பை மாட்டக் குனிந்தபோதே விழுந்துவிட்டாராம். சீனித்தாய்க்கு யாரும் ஆள் அனுப்பவில்லை. பால்காரர் சொல்லித்தான் தெரிந்தது. அவள் கடையைப் பூட்டாமல்கூட ஓடினாள். போகிற வழியெல்லாம் உள்ளே சொற்கள் தாமாகச் சேர்ந்துகொண்டே வந்தன. சின்ன வயசில் சைக்கிள் பாரில் உட்கார வைத்துக் கப்பல் பார்க்கக் கூட்டிப்போனது. திருச்செந்தூரில் அவள் கைக்குச் சேரும் வளையல் கிடைக்கும்வரை கடை கடையாக ஏறி இறங்கியது. புருஷன் வாயு என்று சொன்னதை நம்பித்தான் அண்ணன் நிறுத்தி வைத்தார், அவர் மேல் ஒரு பாவமும் இல்லை. ஊர் முழுக்கக் கூடியிருக்கும், எல்லார் முன்னாலும் சொல்லி அழுதுவிட்டால் அண்ணன் பெயர் கழுவப்பட்டுவிடும், தானும் தப்பித்துக்கொள்ளலாம் என்று அவள் நம்பினாள்.

உமாராணி வாசலிலேயே அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். அழுது அழுது குரல் கட்டியிருந்தது.

"வாங்க, இருங்க, அழுங்க. நா தடுக்கல. சொல்லி மட்டும் அழாதிய."

"மதினி, நல்லதத்தான் சொல்லுவேன். எங்கண்ணன் மேல தப்பில்லன்னு சொல்லுவேன்."

"நல்லத எவன் கேப்பான்? ஒங்க வாயத் தொறந்தாலே போதும் அவனுவளுக்கு."

சீனித்தாய் சரி என்று தலையாட்டிவிட்டு உள்ளே போய் அண்ணன் தலைமாட்டில் உட்கார்ந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் மதினிக்குக் கொடுத்த சம்மதம் எங்கே போனதோ தெரியவில்லை. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்களே, அப்படித்தான். அண்ணனுக்கு அழுகிற தங்கச்சி எப்படித் தொடங்க வேண்டுமோ அப்படித்தான் அவளுக்கும் வாய் வந்தது.

"கூடப்பொறந்த பொறப்பே…"

பந்தலில் சலசலப்பு நின்றது. ஜன்னலுக்கு வெளியே ஒரு போன் உயர்ந்தது, பிறகு இன்னொன்று. வாசலில் நின்ற இளவட்டங்கள் எட்டிப் பார்த்தார்கள். யாரோ ஒருவன் அடுத்த வரியை மெதுவாகப் பாடினான். பக்கத்தில் இருந்தவன் அவன் முதுகில் அடித்துச் சிரிப்பை அடக்கினான். உமாராணி இரண்டு கையையும் எடுத்து நாத்தனாரைக் கும்பிட்டாள்.

சீனித்தாய் முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டாள். பிணம் எடுக்கும்வரை அதை எடுக்கவில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் அவள் தோளைத் தொட்டு, சொல்லு, சொல்லி அழு என்று உலுக்கிப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை வெளியே வரவில்லை. தெரு முனைவரை அவள் அந்தப் பாடைக்குப் பின்னால் வாய் பேசாமல் போனாள். அதற்கு மேல் பெண்கள் போகக் கூடாது என்று திரும்பினார்கள்.

குழாயடியில் கால் கழுவக் கூட்டமாக நின்றார்கள். முன்னால் நின்றவள் தன் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்:

"ஊருக்கெல்லாம் சொல்லி அழுதா. கூடப்பொறந்தவனுக்கு ஒரு வார்த்த வரலியே, பாத்தியா?"

"எங்கன வரும்? பாட்டுல சொன்னது நெசந்தாம்ளா. அவ மனசுல உள்ளதத்தான் மவன் பாடிருக்கான்."

சீனித்தாய் அவர்களுக்கு அடுத்த ஆளாக வரிசையில் நின்றுகொண்டிருந்தாள்.