தனகோட்டி விட்டுக்கொடுக்கவில்லை

தனகோட்டியின் மகள் போன் செய்தபோது நான் ஆரணி போகும் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். "அப்பா காலைல போய்ட்டாருங்க மாமா. நல்லா பேசிக்கினே இருந்தாரு" என்றாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி அவர் ஊரான அமிர்திக்குத் திரும்பினேன். வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். மலையில் எங்களோடு வேலை பார்த்த நீங்கள் பலரும் அங்கே இருந்தீர்கள். யாரோ ஆரம்பித்தார்: "ஏழுமலையோட தல தீபாவளிக்காக ஆட்டத்தையே உட்டுக் குடுத்த மனுசன்." எல்லோரும் என்னைப் பார்த்துத் தலையாட்டினீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாவு வீட்டில் சண்டை வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன். அதை இப்போது எழுதுகிறேன்.

எண்பதுகளில், ஜவ்வாது மலைமேல் இருந்த ஒரு தொலைநோக்கி நிலையத்தில் நாங்கள் இருவரும் கம்ப்யூட்டர் ஆபரேட்டர்கள். கம்ப்யூட்டரைப் பொருத்த வந்தவர் அதில் ஒரு போர் விளையாட்டை விட்டுப் போயிருந்தார். ஒரு தீவு, இரண்டு ராஜாக்கள், ஆளுக்கொரு தலைநகரம். தலைநகரம் பிடிபட்டால் ஆட்டம் முடிந்தது. ஒருவர் மாற்றி ஒருவர் படையை நகர்த்த வேண்டும். எதிரி பக்கத்துக் கட்டத்துக்கு வந்தால்தான் கண்ணில் படுவான். திரை ஒன்றே என்பதால் ஒருவர் ஆணை தட்டும்போது மற்றவர் வராந்தாவுக்குப் போய்விடுவார். தட்டிய ஆணை என்ன ஆயிற்று என்பது, ஆட்டமே முடிந்துபோனால் தவிர, அடுத்தவர் வந்து உட்கார்ந்த பிறகுதான் திரையில் வரும். தனகோட்டி வெளியே நின்று சீட்டியடிப்பார். "அவசரப்படு ஏழுமல, எனக்குத்தான் நல்லது" என்பார். கழுத்தை நெரிக்கலாம் போலிருக்கும். ஒருமுறை என்னிடம் தோற்றதற்கு மத்தியானச் சோற்றைத் தொடவே இல்லை. விட்டுக்கொடுக்கிற ஆளா அவர்?

இந்த விளையாட்டில் எங்களைப் போன்றவர்களுக்கு மட்டும் ஒரு வியாதி உண்டு. தரையை மேலிருந்து பார்த்து வரைகிறோம், வானத்தைக் கீழிருந்து பார்க்கிறோம். அதனால் விண்மீன் படங்களில் கிழக்கு இடப்பக்கம் இருக்கும். தினமும் அந்தப் படங்களோடு புழங்கியவர்கள் நாங்கள். இடப்பக்கம் போக நினைத்துக் கிழக்கு என்று தட்டிவிடுவோம். ஆட்டத்தின் வரைபடத்திலோ கிழக்கு வலப்பக்கம்; படை அங்கே போய்க் கடலில் விழும். ஆரம்பத்தில் இப்படி எத்தனை சேனைகளை மூழ்கடித்தோம் என்று எங்களுக்கே தெரியாது. பிறகு பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அந்தத் தீபாவளிக்கு ஒருவர்தான் மலையிறங்க முடியும். மழைக்காலத்தில் கம்ப்யூட்டர் அறையில் ஈரம் ஏறாமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் இருந்தாக வேண்டும். எனக்கு அது தலை தீபாவளி; கண்ணமங்கலத்தில் மாமனார் வீட்டில் காத்திருந்தார்கள். அவருக்கோ பட்டாளத்திலிருந்து அண்ணன் லீவில் வந்திருந்தார், பண்டிகை முடிந்ததும் திரும்பிவிடுவார். பேசிப் பார்த்தோம். குரல்தான் உயர்ந்தது. "ஆடிப் பாத்துடலாம். ஜெயிச்சவன் ஜீப்புல ஏறட்டும்" என்றார் தனகோட்டி. ஜீப் மூன்று மணிக்கு. அதை விட்டால் அந்த மழையில் பஸ் வரும் என்று நம்ப முடியாது. அதற்குள் ஆட்டம் முடியாவிட்டால் அதிக ஊர் பிடித்தவருக்கு வெற்றி என்று பேசிக்கொண்டோம். ஊர் பிடிப்பதில் அவரை யாரும் மிஞ்ச முடியாது. இழுத்தால் நான் தொலைந்தேன்.

அதனால் ஆரம்பத்திலேயே ஒரு சின்னப் படையை அவர் நாட்டுக்குள் ஓட்டினேன். அவருடைய தலைநகரத்துக்கு இடப்பக்கத்துக் கட்டத்தில் போய் நிற்கும்படி ஆணை தட்டினேன். தலைநகரத்துக்குள்ளோ அவருடைய பெரிய சேனை இருக்கும். எழுந்து வெளியே போனேன், அவர் உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் கையைத் தேய்த்துக்கொண்டு வந்தார். "போய்ப் பாரு. கட்ன பைய அவுத்து வெச்சுடு" என்றார்.

உட்கார்ந்தேன். என் படை நான் அனுப்பிய இடத்தில் உயிரோடு நின்றது. அவருடைய தலைநகரத்தில் காவலுக்கு ஒருவன்கூட இல்லை என்று திரை காட்டியது. பொறி என்று தோன்றியது. ஆளை உள்ளே விட்டு மடக்குவதில் அவர் கெட்டிக்காரர். கீழே ஜீப்காரர் சீக்கிரமே வந்து ஹாரன் அடித்தார். பின்வாங்கினால் இருக்கிற ஊர்களாவது தப்பும், உள்ளே போய் மாட்டிக்கொண்டால் எல்லாம் போகும். கல்யாணத்துக்கு அப்புறம் மனைவியோடு மொத்தம் ஒரு வாரம்கூட இருந்ததில்லை. மேலே விழுந்து பிடித்தேன். ஆட்டம் தொடங்கிக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை, ராஜ்யம் என்னுடையது என்றது திரை.

"இன்னாய்யா இது?" என்று அவர் உள்ளே ஓடி வந்தார். திரையைப் பார்த்தார். பெரிய சேனை வலப்பக்கத்தில் வெட்டவெளியில் நின்றது. என்னை நசுக்க இடப்பக்கம் அனுப்ப நினைத்துக் கிழக்கு என்று தட்டியிருக்கிறார். முகம் வெளிறிவிட்டது. இன்னொரு வாட்டி ஆடலாம் என்று கேட்கவில்லை. என் பையைத் தூக்கிக்கொண்டு ஜீப் வரை வந்தார். "ஆட்டம் ஆட்டந்தான். போய்ட்டு வா" என்றார்.

நான் திரும்பி வருவதற்குள் அவர் அண்ணன் ரயிலேறிவிட்டார். அடுத்து அண்ணனும் தம்பியும் பார்த்துக்கொண்டது தங்கள் அப்பாவின் சாவில். அப்பாவும் இரண்டு பிள்ளைகளும் ஒன்றாகச் சாப்பிட உட்காரும் தீபாவளி பிறகு வாய்க்கவே இல்லை. அந்தத் துக்கம் எனக்கும் உண்டு. அதனால்தான் நானும் உங்களைப் போல ஒரு கதை கட்டிக்கொண்டேன். தெரிந்தேதான் தப்பாகத் தட்டியிருப்பார் என்று நினைத்தால் மனசு கொஞ்சம் லேசானது. அவர் மகள் கல்யாணத்தில் கையைப் பிடித்து, "எனக்காக விட்டுக்கொடுத்தீங்க, மறக்க மாட்டேன்" என்றேன். கையை உதறினார்.

"யார்யா உட்டுக் குடுத்தது? எங்கண்ணன பாக்கணும்னு வெறியோட ஆடுனேன். தோத்துட்டேன். இன்னிக்கி நெனச்சாலும் எரியுது. தானம் பண்ணேன்னு ஊரெல்லாம் சொல்லாத."

பந்தலில் நீங்கள் சொன்னது அன்பினால் என்று தெரியும். ஆனால் அந்த எரிச்சலை அவரிடமிருந்து பறிக்காதீர்கள். அண்ணன்மேல் வைத்திருந்த ஆசைதான் அது. அன்று வீட்டுக்குப் போயே தீர வேண்டும் என்று உயிரைக் கொடுத்து ஆடிவிட்டு, தோற்றதும் என் பையைத் தூக்கினார். எனக்கு அந்தத் தனகோட்டி போதும்.